பச்சை காய ஆறு மாதம்

எண்ணெய் வண்ணத்தில் வரைந்த படம் காய்வதற்கு ஆறு மாதம் ஆகும் என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் சொன்னால் அது எப்படி நம்பும்? நான் நம்பவில்லை. எங்கள் மொட்டை மாடியில் காலையில் துவைத்துப் போட்ட போர்வை மத்தியானத்துக்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும். வாசலில் தெளித்த தண்ணீர் நான் செருப்பு மாட்டுவதற்குள் காணாமல் போய்விடும். இந்த லட்சணத்தில், துணியில் பூசிய கொஞ்சம் பச்சை நிறம் மட்டும் ஆறு மாதம் ஈரமாகவே இருக்கும் என்று அப்பா சொன்னால், நான் தொடக்கூடாது என்பதற்காகக் கட்டிவிட்ட கதை அது என்றுதான் எடுத்துக்கொண்டேன். பெரியவர்களிடம் அப்படிப் பல கதைகள் இருந்தன. விதையை விழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும் என்று சொன்னதும் அவர்கள்தான். நான் கொய்யா விதையாக விழுங்கிவிட்டு இரண்டு வாரம் காத்திருந்து பார்த்தவள்.

நாங்கள் துடியலூரில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலை. வாரத்தில் ஆறு நாள் பம்பின் உறுப்புகளை ஸ்கேல் வைத்து ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் வரைவார். ஏழாம் நாள் அதே கை ஸ்கேலைத் தூரப் போட்டுவிட்டுப் பிரஷ்ஷை எடுத்துக்கொள்ளும். முன்னறையில் வண்ணம் கரைக்கிற டர்பன்டைன் நெடி கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது என்று அர்த்தம். ஊரெல்லாம் கறிக்குழம்பு மணக்கிற நேரத்தில் நம் வீட்டுக்கு மட்டும் இந்தத் தலைவிதி என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வாள். ஆனால் பிரஷ் துடைப்பதற்குப் பழைய வேட்டியைக் கிழித்து அடுக்கி வைப்பதும் அவள்தான்.

அப்பா வரைந்த படங்களில் ஆள் இருக்காது. வாழைத்தோட்டம், சோளக்காடு, மழைக்கு முந்தின மலை என்று எல்லாம் ஆள் அரவம் இல்லாத இடங்கள். ஆளைப் போட்டால் மூக்கு சரியாக வராமல் மாட்டிக்கொள்வார். அப்படிப்பட்டவர் அம்மாவை வரையத் துணிந்ததற்குக் காரணம் நான்தான். துல்லியமாகச் சொன்னால் என் அழுகை.

அம்மா அப்போது இரண்டாவதாக உண்டாகியிருந்தாள். எதிர்வீட்டு அக்காவுக்கு வளைகாப்பு நடந்தது. இரண்டு கையும் நிறைய வளையல் அடுக்கிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, எங்கள் அம்மாவுக்கு எப்போது என்று கேட்டேன். முதல் பிள்ளைக்குத்தான் அந்த விசேஷமெல்லாம், உனக்குச் செய்தாயிற்று என்றார்கள். இது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. எனக்காக நடந்த விசேஷத்தின்போது நான் வயிற்றுக்குள் இருந்திருக்கிறேன். சாப்பாடும் போயிற்று, வேடிக்கையும் போயிற்று. நான் அழ ஆரம்பித்தால் சுலபத்தில் ஓய மாட்டேன். அப்பா பொறுக்க மாட்டாமல் எங்கள் இரண்டு பேரையும் காந்திபுரத்துக்குக் கூட்டிப்போய்ப் பச்சையும் சிவப்புமாக இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கித்தந்தார். நிறம் பார்த்தது நான். வீட்டுக்கு வந்து அம்மாவின் கைகளில் அவற்றைப் போட்டுவிட்டதும் நான்தான். நாலு உடைந்தது. அது கணக்கில் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வளையல்களோடு அம்மா ஜன்னலோரம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பச்சைச் சேலை. இரண்டு கையும் வயிற்றின் மேல். அப்பா கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அப்படியே இரு, அசையாதே என்று சொல்லிப் புதுக் கான்வாஸை எடுத்தார்.

எட்டு ஞாயிற்றுக்கிழமை அவள் உட்கார்ந்தாள். அசையாமல் என்று சொல்ல முடியாது. பாப்பா உள்ளே உதைக்கும். இடது கைக்குக் கீழே, சேலை மடிப்புகள் சேருகிற ஓர் இடத்தில்தான் அது வழக்கமாக முட்டும். அம்மா கண்ணைக் காட்டுவாள். நான் ஓடிப்போய் அங்கே கையை வைப்பேன். சேலைக்கு அடியில் என்னவோ மெல்ல நகர்ந்து என் உள்ளங்கையை இடித்துவிட்டுப் போகும். மடிப்பு கலைகிறது என்று அப்பா சத்தம் போடுவார். அம்மா சிரித்தால் வளையலெல்லாம் குலுங்கும். அதற்கும் சத்தம் போடுவார். அந்த எட்டு வாரமும் எங்கள் வீட்டில் ஒரே சத்தம்தான்.

இதைப் பிடிக்காத ஒரே ஆள் அத்தை. அப்பாவின் அக்கா. அடுத்த தெருவில் இருந்தாள். பாசக்காரிதான், ஆனால் கண் திருஷ்டி விஷயத்தில் அவளிடம் சமாதானம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொள்ளுப் பருப்புப் பாத்திரத்தோடு மாடியேறி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏந்தம்பி, வயித்துப்புள்ளக்காரிய உக்கார வெச்சுப் படம் எழுதற ஊடு எங்காச்சும் உண்டா? கண்ணு பட்டுப்போகும். வேண்டாஞ்சாமி."

அப்பா சிரித்தார். அம்மா அவரைவிட அதிகமாகச் சிரித்தாள். இவர் வரைகிற அழகுக்கு அது நான்தான் என்று எந்தக் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை, கவலைப்படாதீர்கள் என்றாள். அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. பருப்பை வைத்துவிட்டு இறங்கிப்போனாள்.

அம்மா சொன்னது பொய். படம் முடிந்தபோது அது அம்மாவேதான். மூக்குகூட.

படத்தை முடித்த அன்று அப்பா கடைக்குப் போய் ஒரு சின்னப் புட்டி வார்னிஷும், நாலு விரல் அகலத்தில் மெத்தென்ற ஒரு புதுப் பிரஷும் வாங்கிவந்தார். ஆனால் புட்டியைத் திறக்கவில்லை. பீரோவின் மேல் ஏற்றி வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் அந்த ஆறு மாதக் கதை வந்தது.

"மேல காஞ்ச மாதிரிதான் தெரியும் கண்ணு. உள்ள ஈரம் இருக்கும். அவசரப்பட்டு வார்னிஷ் அடிச்சா பின்னால வெடிச்சுப்போயிரும். ஆறு மாசம் போகோணும். அதுக்குள்ள பாப்பா வந்துரும். பாப்பாவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே அடிக்கலாம்."

வார்னிஷ் எதற்கு என்றும் சொன்னார். காயக் காயச் சில நிறங்கள் உள்ளே இழுத்துக்கொண்டு மங்கிப்போகுமாம். கறுப்பு வெளுத்துத் தெரியும், பச்சை சோர்ந்துவிடும். வார்னிஷ் ஒரு தடவை மேலே போனால் போதும், உள்ளே போனதெல்லாம் மேலே வந்துவிடும். வரைந்த அன்றைக்கு இருந்ததைவிடப் பளிச்சென்று இருக்கும். ஆனால் ஒரு தூசி ஒட்டியிருந்தாலும், பிரஷ்ஷின் ஒரு மயிர் சிக்கியிருந்தாலும் அதையும் காட்டிக்கொடுத்துவிடும் என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. நான் பாதிதான் கேட்டேன்.

ஆவணியில் அம்மாவுக்கு எட்டாம் மாதம் பிறந்ததும் பிரசவத்துக்கு அவளை ஈரோட்டிலிருந்த அவள் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போகத் தாத்தா வந்தார். அப்பாவுக்கு அவளைப் பஸ்ஸில் அனுப்ப மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்தால் கம்பெனி நண்பரின் காரைக் கேட்டு வாங்கலாம் என்றார். அம்மாதான் பிடிவாதமாக, இதற்கெல்லாம் ஒருத்தரிடம் போய் நிற்க வேண்டுமா, இரண்டரை மணி நேரப் பயணம், நான் என்ன முதல் தடவையா போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டம். அவளுக்குப் பின்சக்கரத்துக்கு மேலே, பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கிப்போடுகிற சீட்டுதான் கிடைத்தது. பஸ் நகர்ந்தபோது ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி வளையலைக் குலுக்கிக் காட்டினாள்.

பள்ளிக்கூடம் இருந்ததால் நான் அப்பாவோடு தங்கிவிட்டேன். அத்தை வந்து சமைத்துப்போட்டாள். முதல் நாள் ஜாலியாக இருந்தது. இரண்டாம் நாள் அவ்வளவு இல்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முன்னறையில் பையை வைத்தேன். அப்பா இன்னும் வரவில்லை, அத்தை மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா படத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா உதைக்கும் இடம் படத்தில் எது என்று எனக்கா தெரியாது? கிட்டே போனேன். காய்ந்துதான் இருந்தது. பார்த்தாலே தெரிந்தது. ஆள்காட்டி விரலை அந்த இடத்தில் வைத்து, கொஞ்சம் அழுத்தி, அப்படியே நின்றேன். எதற்காகக் காத்திருந்தேன் என்பதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

விரலை எடுத்தபோது அது பச்சையாக இருந்தது. படத்தில் என் ரேகை அச்சு அசலாக உட்கார்ந்திருந்தது.

அப்பா சொன்ன கதைகளிலேயே இது ஒன்றுதான் நிஜம் என்று எனக்கு அந்த நேரத்திலா தெரிய வேண்டும்? விரலைப் பாவாடையின் உள்பக்கம் துடைத்தேன். போகவில்லை. நாற்காலிக்கு அடியில் தேய்த்தேன். சோப்பு போட்டுக் கழுவினேன். அது எண்ணெய்ப் பச்சை, அதற்குச் சோப்பெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அன்று ஆள்காட்டி விரலை மடக்கிக்கொண்டு மீதி விரல்களால் சோறு பிசைந்தேன். அத்தை கேட்டதற்கு எறும்பு கடித்துவிட்டது என்றேன். அவள் பாவம், விளக்கெண்ணெய் தேடி எழுந்துபோனாள்.

அடுத்த நாள் காலையில் ஈரோட்டிலிருந்து போன் வந்தது. அப்பா போனை வைத்துவிட்டுச் சட்டையைக்கூட மாற்றாமல் கிளம்பிப்போனார். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அத்தை என்னை மடியில் இழுத்து உட்காரவைத்து, பாப்பா சாமிகிட்டயே இருந்துக்கறேன்னு சொல்லிருச்சு கண்ணு, அம்மா நல்லா இருக்கிறாள், இனி அதைப் பற்றி அம்மாவிடம் கேட்காதே என்றாள். நான் தலையாட்டினேன். அப்புறம் அவள் கீழ்வீட்டு அம்மாவிடம் படிக்கட்டில் நின்று அழுதுகொண்டே சொன்னது என் காதில் விழுந்தது.

"அன்னைக்கே தலையால அடிச்சுக்கிட்டேனுங்க. ஆரு கேட்டா? அந்தப் படந்தானுங்க புள்ளைய வாங்கிப்போச்சு."

நான் என் விரலைப் பார்த்தேன். நகக்கண்ணில் இன்னும் பச்சை இருந்தது. எட்டு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படம் ஒரு கெடுதலும் செய்யவில்லை. நான் தொட்ட மறுநாள் போன் வந்தது. இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அப்பா ஈரோட்டிலிருந்து திரும்பிவந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் முன்னறைக்குப் போய்ப் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்தார். ஏன் என்று கேட்டேன். காயற படத்து மேல தூசி படியக் கூடாதில்ல கண்ணு என்றார். அதிலும் தப்பில்லை, காய்கிற படத்தை அப்படி வைப்பதுண்டு. ஆனால் வாழைத்தோட்டத்தையும் சோளக்காட்டையும் அவர் அப்படி வைத்ததில்லை. எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. ரேகை சுவர்ப்பக்கம் போய்விட்டது, பிழைத்தேன் என்று மட்டும்தான் தோன்றியது.

கார்த்திகையில் அம்மா வந்தாள். இளைத்திருந்தாள். கையில் வளையல் இல்லை. என்னைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. நான்தான் நெளிந்தேன். அவளைத் தொட எனக்குப் பயமாக இருந்தது. என் கையில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். அதன் பிறகு அவள் பக்கத்தில் படுக்கும்போதெல்லாம் விரல்களை மடக்கி முஷ்டியாக வைத்துக்கொண்டு தூங்குவேன். பிள்ளைக்கு என்ன ஆயிற்று, இப்படிக் கையை இறுக்கிக்கொள்கிறாளே என்று அவள் அப்பாவிடம் கேட்டது எனக்குத் தெரியும்.

படத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மா அறையைப் பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் டர்பன்டைன் நெடி இல்லை. எங்கள் வீட்டிலும் கறிக்குழம்பு மணந்தது. அம்மா அதற்காகச் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. வார்னிஷ் புட்டி மட்டும் பீரோவின் மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே போனதெல்லாம் மேலே வந்துவிடும் என்று அப்பா சொன்னது எனக்கு மறக்கவில்லை. பாதி கேட்டதில் அந்தப் பாதியைத்தான் கேட்டிருந்தேன் போலிருக்கிறது. தினசரிக் காலண்டரில் தாள் கிழிப்பது எங்கள் வீட்டில் என் வேலை. மாசி நெருங்க நெருங்க நான் அதைக் கிழிக்காமல் விட்டுப் பார்த்தேன். அப்பா சேர்த்துக் கிழித்துவிட்டுப் போனார்.

மாசியில் ஒரு சனிக்கிழமை அத்தை வந்து அப்பாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அதை வீட்டில் வைத்துக்கொள்ளாதே, அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது என்பதுதான் சாரம். சரீங்க்கா, பாத்துக்கறேன் என்றார் அப்பா. அவள் போன பிறகு பரணிலிருந்து ஒரு டப்பாவை இறக்கினார். படம் வரையுமுன் கான்வாஸில் பூசுகிற வெள்ளை. மூடியை நெம்பித் திறந்து குச்சியால் கலக்கத் தொடங்கினார்.

அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. என் ரேகை வெள்ளைக்கு அடியில் போய்விடும். ஒருத்தருக்கும் ஒருநாளும் தெரியாது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு பாதியில் நின்றது. ரேகை மட்டும் தனியாகப் போகாது. அம்மாவின் முகமும், நான் பார்த்து எடுத்த வளையல்களும் சேர்ந்து போகும். எது வேண்டும் என்று எனக்கே தெரியாமல் கதவோரம் நின்று திருதிருவென்று விழித்தேன்.

அம்மா தரையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். அது என்ன என்று கேட்டாள். சட்டமும் துணியும் நன்றாக இருக்கிறது, வீணாக்குவானேன், மேலே வேறு ஏதாவது வரையலாம் என்று பார்க்கிறேன் என்றார் அப்பா, டப்பாவைப் பார்த்துக்கொண்டே. அவள் மேலும் நாலைந்து காய்க்கு நார் எடுத்தாள்.

"ஏனுங்க, ஆறு மாசம் ஆயிருச்சல்லங்க. வார்னிஷ் அடிக்கறேன்னு சொன்னீங்களே."

அப்பாவின் கை நின்றது. "வேண்டாம்னு நெனச்சேன் அம்மணி."

"நாஞ் சொன்னனுங்களா வேண்டாம்னு?"

அப்பா குச்சியை எடுத்துத் துடைத்து வைத்தார். பிறகு டப்பாவின் மூடியை வைத்து முஷ்டியால் நாலு பக்கமும் தட்டி மூடினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காற்று இல்லாத, நல்ல வெயில் நாள். எனக்கு வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தேன். ஓமத்தண்ணீர் கொடுத்து எழுப்பிவிட்டார்கள். அப்பா முன்னறையின் சாமான்களை எல்லாம் வெளியே எடுத்தார். அம்மா தரையை ஈரத் துணியால் இரண்டு தடவை துடைத்தாள். ஜன்னல்களை அடைத்து ஃபேனை நிறுத்தினார்கள். சாப்பாட்டு மேசையின் மேல் படத்தை மல்லாக்கப் படுக்கவைத்தார் அப்பா. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அம்மாவின் முகம் எங்களைப் பார்த்தது. அப்பா சொன்ன மாதிரியே அது மங்கிப்போயிருந்தது. கூந்தல் சாம்பல் பூத்துக் கிடந்தது. சேலையின் பச்சை, வாடின கீரை மாதிரி ஆகியிருந்தது. வெள்ளைத் துணியை டர்பன்டைனில் நனைத்து ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்தார். துணியில் நிறம் ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது என்றார். தூசி துடைத்தபோது அவர் கை படத்தில் இருந்ததே தவிர, கண் அங்கே இருந்த மாதிரித் தெரியவில்லை. ரேகையை அவர் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு விளக்குப் பிடிக்கிற வேலை. மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால்தான் எங்கே வார்னிஷ் பட்டது, எங்கே விட்டுப்போயிற்று என்று தெரியும். எனக்கு ஈ காவல். ஈரத்தில் ஒரு ஈ உட்கார்ந்தால் தீர்ந்தது கதை. கையில் ஒரு விசிறியைக் கொடுத்து, வீசாதே, விரட்ட மட்டும் செய் என்றார் அப்பா. அப்புறம் சொன்னார், ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் கோடு விழுந்துவிடும், யாரும் கூப்பிடாதீர்கள் என்று.

மேலேயிருந்து தொடங்கினார். இடமிருந்து வலமாக நீளமாக ஓர் இழுப்பு, அதை ஒட்டினாற்போல அடுத்தது. பிரஷ் போன வழியில் கூந்தல் கறுத்தது. நெற்றியும் கண்ணும் மூக்கும் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. உதட்டோரத்தில் அவள் அடக்கிக்கொண்டிருந்த சிரிப்பு வெளியே வந்தது. விளக்குப் பிடித்திருந்த அம்மா மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. பிறகு தோள். பிறகு வளையல்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக, கண்ணாடியாகவே. எனக்கு அதையெல்லாம் ரசிக்க முடியவில்லை. இன்னும் ஐந்து இழுப்பு. நாலு. மூன்று.

பிரஷ் அந்த இடத்தைக் கடந்தது. பச்சை பளீரென்று எழுந்தது. அதன் நடுவில் என் விரல் ரேகை, வளையம் வளையமாக, விளக்கு வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு மின்னியது.

அப்பா அந்த இடத்தையே உற்றுப் பார்த்தார்.

"நாந்தானுங்கப்பா," என்றேன். யாரும் கேட்கவில்லை, ஆனால் வாய் திறந்துவிட்டது, இனி மூடாது. "அம்மா ஊருக்குப் போனப்ப தொட்டுப்போட்டேன். மக்காநாளே போன் வந்துருச்சுங்க. பாப்பா என்னாலதானுங்க போயிருச்சு."

விசிறி கீழே விழுந்தது. அப்பா பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் அடிதான் என்று முடிவுசெய்துகொண்டேன்.

"நீங்க அடிங்க. நிறுத்தாதீங்க, கோடு உழுந்துரும்," என்றாள் அம்மா அவரிடம். அப்பா குனிந்து அடித்தார். அவர் இழுப்பு முன்னைப்போல நேராக இல்லை.

"இங்க வா கண்ணு," என்று என்னைக் கூப்பிட்டாள். போனேன். விளக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டே மறு கையால் என் முஷ்டியைப் பிரித்து ஆள்காட்டி விரலை எடுத்தாள். ஈரத்தில் படாமல் அதை ரேகைக்கு நேராகக் கொண்டுபோனாள். ரேகையைவிட விரல் பெரிதாக இருந்தது.

"பாத்தியா, எத்தன வளந்துட்டே," என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. ஆனால் குரல் கலங்கவில்லை. "உன்னால போகுலீடா சாமி. படத்தத் தொட்டா புள்ள போகுமா? ஆராலயும் போகுலை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு மாத அழுகை. அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, விரல்களை மடக்காமல் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். விளக்கு ஆடியது. அப்பா கடைசி இழுப்பை முடித்தார். ரேகையைக் காட்டி, காய்ந்த பிறகு இதைச் சரிசெய்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்னார்.

"இருக்கட்டுமுங்க. எல்லா ஞாயித்துக்கெழமையும் அவ கை அங்கதானுங்களே இருந்துச்சு," என்றாள் அம்மா. பிறகு அவரை நேராகப் பார்த்து, சற்றுமுன் சொன்னதையே மறுபடியும் சொன்னாள். "ஆராலயும் போகுலீங்க."

அப்பா, பிரஷ் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். மொட்டை மாடிக் குழாய்க்குப் போகிறவர், பிரஷ் கழுவ வேண்டிய டர்பன்டைன் டப்பாவை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். ஐந்து நிமிஷ வேலை. அவரை வரக் காணோம். அவர் போன பிறகு அம்மா படத்தின் மேல் விளக்கை இன்னும் தாழ்த்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரித்த முகத்தை, வளையலை, பச்சையை. என்னையும் பார்க்காமல், வாசலையும் பார்க்காமல், யாருக்கோ சொல்கிற மாதிரி மூன்றாம் தடவையும் சொன்னாள்.

"ஆராலயும் போகுலை."

இப்போது அந்தப் படம் என் வீட்டில் இருக்கிறது. வார்னிஷ் கொஞ்சம் மஞ்சளாகிவிட்டது. போன மாதம் அதை எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்கக் கொடுத்த கடையில், இங்க ஒரு கை ரேகை இருக்குதுங்க, சரிபண்ணிரலாங்களா என்று கேட்டார்கள். வேண்டாம், அது படத்தில் உள்ளதுதான் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சந்தோஷமாக இருந்தேன். அடி விழவில்லை. பாப்பா என்னால் போகவில்லை. அம்மாவே சொல்லிவிட்டாள். வார்னிஷ் பிரஷ்ஷைக் கழுவுவது இவ்வளவு கஷ்டமான வேலையா என்று ஆச்சரியப்பட்டேன், ஏனென்றால் அப்பா ஒரு மணி நேரம் கழித்துக் கண் சிவந்து வந்தார். அத்தை வேண்டாம் என்று சொல்லியும் அம்மாவை உட்காரவைத்து வரைந்தவர் அவர் என்பது எனக்குத் தோன்றவில்லை. கார் வேண்டாம் என்று சொல்லிப் பின்சக்கரத்து சீட்டில் உட்கார்ந்து ஈரோடு போனவள் அம்மா என்பதும் தோன்றவில்லை. யாராலும் போகவில்லை என்று ஒரு தடவை எனக்கு, ஒரு தடவை அப்பாவுக்கு. சரி, மூன்றாவது தடவை அம்மா யாருக்குச் சொன்னாள் என்று மட்டும் ஈயை விரட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தேன். அறையில் வேறு யாரும் இல்லையே என்று விட்டுவிட்டேன்.